பொனேர்: முக்குளிப்பவருக்குக் கரையில் என்ன இருக்கிறது?

கரீபியக் கடலிலுள்ள பொனேர் என்ற டச்சுத் தீவுக்குப் போகும் ஸ்கூபா முக்குளிப்பவர்களில் பலர் அதன் மேற்குக் கரையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. சாலையோரத்தில் மஞ்சள் வண்ணம் பூசிய ஒரு கல்லில் இடத்தின் பெயர் எழுதியிருக்கும்; அந்தக் கல்லருகே பிக்கப் வண்டியை நிறுத்திவிட்டு, காற்று உருளையை முதுகில் மாட்டிக்கொண்டு இறங்கிச் சிறிது தூரம் நீந்தினால் பவளத்திட்டின் சரிவு வந்துவிடும். படகுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. எப்போது இறங்கலாம் என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இப்படியொரு தீவில் ஒரு நாளைக் கரைக்கென்று ஒதுக்குவது வீண் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பத்து நாள் பயணத்தில் மொத்தமாக மூன்று நாள்களைத் தண்ணீருக்கு வெளியே கழித்துவிட்டு வந்தபின் எழுதும் மதிப்பீடு இது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தீவின் தென்பகுதிக்கு ஒரு முழு நாளைத் தாராளமாகக் கொடுக்கலாம், வடக்கிலுள்ள தேசியப் பூங்காவுக்கு விடியலில் கிளம்பும் மனமிருந்தால் ஒரு நாள் தரலாம், மற்றவை கிடைக்கிற இடைவெளிகளில் பார்த்துவிடக்கூடியவை. இவை எதையும் விமானம் ஏறுவதற்கு முந்தைய நாளுக்கென்று மிச்சம் வைக்காதீர்கள் என்பதே என் முக்கியமான பரிந்துரை.

அந்தக் கடைசி நாள் எப்படி உருவாகிறது என்பது முக்குளிப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். அழுத்தத்தில் சுவாசித்த காற்றிலிருந்து உடலில் கரைந்த நைட்ரஜன் மெதுவாகத்தான் வெளியேறும் என்பதால், பல நாள்கள் தொடர்ந்து முக்குளித்தவர் விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது 18 மணி நேரம் தண்ணீருக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வழிகாட்டுதல். மேலேறும் வழியில் நைட்ரஜன் வெளியேறுவதற்காகக் கட்டாயமாக நின்று நின்று வர வேண்டிய அளவுக்கு ஆழத்தில் முக்குளித்திருந்தால் அதைவிடக் கணிசமாகக் கூடுதலான நேரம் தேவை. ஆகவே பயணத்தின் கடைசிப் பகல், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், கரைக்குரியதாகிவிடுகிறது. ஆனால் அந்தப் பகலில்தான் உடைகளையும் சுவாசக் கருவிகளையும் நன்னீரில் அலசிக் காயவைக்க வேண்டும், வாடகை வண்டியைத் திருப்பித் தர வேண்டும், பெட்டி கட்ட வேண்டும். இத்தனைக்கும் நடுவே ஒரு தேசியப் பூங்காவையும் திணிக்கப் பார்த்தால் இரண்டும் கெட்டுப்போகும். பயணத்தின் நான்காவது அல்லது ஐந்தாவது நாளில் முக்குளிப்பு இல்லாத ஒரு நாளை வைத்தால் காதுகளுக்கும் ஓய்வு கிடைக்கிறது; மறுநாள் தண்ணீருக்குள் இறங்கும்போது வந்த முதல்நாளின் ஆசையும் திரும்பிவிடுகிறது.

இந்த வகையில் பொனேருக்கு இன்னொரு தகுதி உண்டு. முக்குளிப்புக்குப் பெயர்போன வெப்பமண்டலத் தீவுகளில் பல, எரிமலைகள் எழுப்பியவை. ஹவாயின் மாவி தீவில் ஹாலியகாலா மலை 3,055 மீட்டர் உயரம். காலையில் முக்குளித்துவிட்டு மாலையில் அதன் உச்சிக்குக் காரில் போய்ச் சூரியன் மறைவதைப் பார்ப்பது, உடலைப் பொறுத்தவரை, விமானத்தில் ஏறுவதற்குச் சமம். பொனேரின் மிக உயர்ந்த இடமான பிரான்டாரிஸ் குன்று 241 மீட்டர் மட்டுமே. முக்குளிப்புப் பயிற்சிகளில் உயரம் என்று கணக்கிலெடுக்கத் தொடங்கும் 300 மீட்டரைக்கூட அது எட்டுவதில்லை. தீவில் எந்தச் சாலையில் போனாலும் உயரத்தை நினைத்து அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் குன்றேறுவது உடலுழைப்பு என்ற வகையில் வேறு கணக்கு. அதைப் பூங்காவைப் பற்றிச் சொல்லும்போது பார்ப்போம்.

வாஷிங்டன் ஸ்லாக்பாய் தேசியப் பூங்கா 1969இல் தொடங்கப்பட்டது. தீவின் வடமேற்கு முனை முழுவதையும் அது எடுத்துக்கொண்டிருக்கிறது. முன்பு இது இரண்டு பெரிய தோட்டங்களாக இருந்த நிலம். கற்றாழை, கரி, தோல் பதனிட உதவும் திவிதிவி மரக் காய்கள், ஆடுகள் ஆகியவைதாம் அங்கிருந்து கப்பலேறின. ஸ்லாக்பாய் என்ற பெயரே ஆடுகளை வெட்டிய விரிகுடா என்ற பொருளில் வந்தது. அங்கே வெட்டி உப்பிட்ட இறைச்சி பக்கத்துத் தீவான குராசோவுக்குப் போனது. கடற்பூங்காவுக்காக முக்குளிப்பவர் செலுத்தும் இயற்கைக் கட்டணமே இதற்கும் நுழைவுச் சீட்டாகிவிடுகிறது. ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்ட ஒன்றைப் பார்க்காமலே ஊர் திரும்புபவர்கள் இத்தனை பேர் இருப்பது வியப்பாகத்தான் இருக்கிறது.

பூங்காவுக்குள் ஒருவழிப்பாதைகளாக இரண்டு மண்சாலைகள் உள்ளன: 34 கிலோமீட்டர் நீளமான மஞ்சள் வழி, 24 கிலோமீட்டர் நீளமான பச்சை வழி. தூரத்தைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். குண்டும் குழியும் கூர்மையான சுண்ணாம்புப் பாறையும் மாறிமாறி வரும் அந்தச் சாலையில் வண்டி நடைவேகத்தில்தான் நகரும். தரையிலிருந்து நன்கு உயர்ந்த வண்டி இல்லாதவர்கள் முயலவே கூடாது. நான் மஞ்சள் வழியில் போனேன். கிழக்குக் கரையில் போக்கா சிக்கிட்டுவில் அலைகள் பாறைகளில் மோதிச் சிதறும் இரைச்சல், ஒரு வாரமாக மேற்குக் கரையின் குளம் போன்ற கடலையே பார்த்திருந்த எனக்கு, வேறொரு தீவுக்கு வந்துவிட்ட உணர்வைத் தந்தது. வணிகக் காற்று ஆண்டு முழுவதும் கிழக்கிலிருந்து வீசுவதால்தான் மேற்கில் முக்குளிப்பு அவ்வளவு எளிதாக இருக்கிறது. மேற்கின் அமைதிக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதை அங்கே நின்றால் கண்ணால் காணலாம்: திவிதிவி மரங்கள் ஒன்றுவிடாமல் மேற்கு நோக்கிச் சாய்ந்து, கூந்தலை ஒருபக்கம் வாரிவிட்டதுபோல நிற்கின்றன.

பூங்காவைப் பற்றிய குறைகளும் உண்டு. நிழல் என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. உயரமான கள்ளிச் செடிகளும் முட்புதர்களுமே காடு. உள்ளே குடிநீரோ உணவோ கிடைக்கும் என்று நம்பிப் போகக்கூடாது. மஞ்சள் வழியின் நடுப்பகுதி ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறது. பறவை பார்ப்பவர்களுக்கு அது குறையாகத் தோன்றாது. போஸ் மாங்கெல் நீர்நிலையருகே காத்திருந்தால், தோளில் மஞ்சள் நிறம் படிந்த அமேசான் கிளிகள் வரும் வாய்ப்பு உண்டு என்று பூங்காக் காவலர் சொன்னார். நான் அரை மணி நேரம் காத்திருந்து ஒரு பேரோணானை மட்டுமே பார்த்தேன். அது என் காலருகே வந்து, என் கையிலிருந்த வாழைப்பழத்தை உரிமையோடு பார்த்துக்கொண்டிருந்தது.

பிரான்டாரிஸ் ஏற்றம் போக வர இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நண்பகலுக்கு முன்பே ஏறத் தொடங்கிவிட வேண்டும் என்ற விதி அங்கே உண்டு. அந்த வெயிலை அனுபவித்தவருக்கு அதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. கடைசிப் பகுதியில் கைகளையும் ஊன்றித்தான் பாறையில் ஏற வேண்டியிருக்கிறது. உச்சியிலிருந்து உப்பு ஏரிகளும் இரு கரைகளும் தெரிகின்றன. வானம் தெளிவாக இருந்தால் குராசோவின் கோடும் தெரியும். இது முக்குளிப்பு இல்லாத நாளில் மட்டுமே செய்ய வேண்டிய வேலை. கடும் உடலுழைப்பு முக்குளிப்புக்கு முன்னும் பின்னும் நல்லதல்ல என்பது ஒரு காரணம். மற்றொன்று நடைமுறை சார்ந்தது: ஏறி இறங்கியபின் முழங்காலிலும் தோளிலும் வரும் வலி, கரைந்த நைட்ரஜன் உடலுக்குள் குமிழிகளாவதால் வரும் அழுத்தக் குறைவு நோயின் வலியைப் போலவே இருக்கும். முந்தைய மாலை ஆழத்தில் இருந்துவிட்டு மறுநாள் காலை குன்றேறினால், இரவில் வரும் மூட்டுவலிக்குக் காரணம் எது என்று உங்களாலும் சொல்ல முடியாது, மருத்துவராலும் எளிதில் சொல்ல முடியாது.

இனி தெற்கு. இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்ததும், சொல்லப்போனால் என்னை மிகவும் தொந்தரவு செய்ததும் இந்தப் பகுதிதான். தலைநகர் கிராலண்டைக்கிலிருந்து கரையோரச் சாலையில் விமான நிலையத்தைத் தாண்டியதும் தீவு தட்டையாகிவிடுகிறது. சிறிது தூரத்தில் வெண்ணிற உப்பு அம்பாரங்கள் கூம்பு கூம்பாக எழுகின்றன. கடல்நீரைப் பாத்தி பாத்தியாக நகர்த்தி, வெயிலும் காற்றும் நீரைக் குடித்துவிட்ட பின் எஞ்சுவதை வாரியெடுக்கும் அதே பழைய முறைதான். இப்போது கார்கில் நிறுவனம் அதை நடத்துகிறது. உவர்ப்பு ஏற ஏற அதில் வாழவல்ல நுண்ணுயிர்கள் பெருகுவதால், கடைசிப் பாத்திகள் ரோஜா நிறத்துக்குத் திரும்பியிருக்கும். காலை பத்து மணிக்கு மேல் வெயில் உச்சியை நோக்கி ஏறும்போது, ஒருபுறம் நீலக் கடலும் மறுபுறம் ரோஜா நிறப் பாத்தியும் நடுவில் சாலையுமாக அமைந்த அந்தக் காட்சியை எந்த விளம்பரப் படமும் மிகைப்படுத்தவில்லை என்று ஒப்புக்கொள்கிறேன்.

உப்பு கப்பலேறும் துறையின் தூண்களுக்கடியில் முக்குளிப்பவர்கள் கூட்டம் கூட்டமாக இறங்குவார்கள். நானும் முந்தைய நாள் இறங்கியிருந்தேன். தூண்களில் ஒட்டி வளரும் பஞ்சுயிரிகளும் அவற்றினூடே அணிவகுக்கும் மீன்களும் மனதில் நின்றன. தலைக்கு மேலே உப்பைக் கப்பலுக்குக் கொண்டுபோகும் நகர்பட்டையைப் பற்றி அப்போது நினைக்கவே இல்லை. கப்பல் நிற்கும்போது அங்கே இறங்க அனுமதியில்லை என்ற விதியைக்கூட ஒரு இடைஞ்சலாகத்தான் பார்த்தேன். டச்சுக்காரர்கள் 1636இல் இந்தத் தீவைக் கைப்பற்றியதே உப்புக்காகத்தான் என்பதைச் சாலையில் நின்று அந்தப் பாத்திகளைப் பார்த்தபோதுதான் உள்வாங்க முடிந்தது.

அதே சாலையில் சற்றுத் தெற்கே, மஞ்சள் கற்களில் 'வைட் ஸ்லேவ்', 'ரெட் ஸ்லேவ்' என்ற பெயர்கள் வருகின்றன. முக்குளிப்பவர்களின் நாவில் இவை நீரோட்டத்தையும் ஆமைகளையும் குறிக்கும் பெயர்கள். கல்லுக்கு எதிரே திரும்பிப் பார்த்தால் பெயரின் காரணம் நிற்கிறது: இடுப்புயரத்துக்குச் சற்று மேலான வாசல்கள் கொண்ட சிறு கற்குடில்கள், ஓரிடத்தில் வெள்ளையாக, இன்னோரிடத்தில் காவி நிறத்தில், கடலைப் பார்த்து வரிசையாக நிற்கின்றன. 1850 வாக்கில் உப்பளத்தில் உழைத்த அடிமைகள் தூங்குவதற்காகக் கட்டப்பட்டவை அவை. உள்ளே தவழ்ந்துதான் போக முடிகிறது. போனபின் நிமிர்ந்து நிற்க இயலவில்லை. வார இறுதியில் அவர்கள் குடும்பங்கள் இருந்த ரிங்கோன் கிராமத்துக்கு ஏழு மணி நேரம் நடந்து போய், மீண்டும் நடந்தே திரும்பினார்கள். டச்சுக் கரீபியத் தீவுகளில் அடிமைமுறை 1863 ஜூலை 1 அன்றுதான் முடிவுக்கு வந்தது. குடில்களுக்கருகே உயர்ந்து நிற்கும் கற்கூம்புகள், எந்த இடத்தில் உப்பு ஏற்றுவது என்று கப்பல்களுக்கு அடையாளம் காட்டுவதற்காக டச்சுக் கொடியின் நிறங்களிலும் அரச குடும்பத்தின் ஆரஞ்சு நிறத்திலும் எழுப்பப்பட்டவை. கப்பலுக்குத் தெரிய வேண்டிய கூம்பு அவ்வளவு உயரமாகவும், மனிதர் படுக்க வேண்டிய குடில் இவ்வளவு குள்ளமாகவும் இருப்பதை ஒரே பார்வையில் பார்த்துவிட முடிகிறது.

இங்கே ஒரு புகாரையும் பதிவுசெய்ய வேண்டும். முதல் தடவை நான் இந்த இடத்துக்கு வந்தது, ஒரு சுற்றுலா நிறுவனத்தின் அரைநாள் சிற்றுந்துப் பயணத்தில். பன்னிரண்டு பேரை இறக்கிவிட்டு, குடில்களின் முன் படம் எடுத்துக்கொள்ளப் பத்து நிமிடம் தந்தார் வழிகாட்டி. யார், எப்போது, எதற்காக என்ற மூன்றும் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிட்டன. எஞ்சிய நேரம் முழுவதும் நினைவுப்பொருள் கடையில் போனது. அந்தப் பயணத்தை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டாம் முறை சொந்தமாக வண்டி ஓட்டி, வெயில் தாழ்ந்தபின் வந்தேன். கடலோரச் சாலையில் வேறு வண்டிகள் இல்லை. தெற்கு வட்டத்துக்கு வழிகாட்டி தேவையில்லை. ஒரே சாலைதான், வழிதவற வாய்ப்பில்லை. வரலாற்றை முன்கூட்டியே படித்துவிட்டுப் போவது நல்லது.

இதே வட்டத்தில்தான் பெக்கல்மெர் என்ற உவர்நீர்ப் பரப்பும் இருக்கிறது. கரீபியனில் பூநாரைகள் கூடுகட்டிக் குஞ்சுபொரிக்கும் சில இடங்களில் இதுவும் ஒன்று. உள்ளே நுழைய அனுமதியில்லை; சாலையில் நின்று தொலைநோக்கியில்தான் பார்க்க வேண்டும். இதைக் குறையாகச் சொல்பவர்களைச் சந்தித்தேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முக்குளிப்பவர் பவளத்தைத் தொடக்கூடாது என்று கற்றவர். அதே ஒழுங்கு தரையிலும் இருப்பதில் என்ன தவறு? ஆனால் தொலைநோக்கி கொண்டுவராதவருக்கு அது தூரத்து ரோஜாப் புள்ளிகளின் கூட்டமாக மட்டுமே தெரியும். சற்று அருகில் பார்க்க விரும்புபவர்கள் வடக்கே கோட்டோமெர் ஏரிக்குக் காலையிலேயே போகலாம். அங்கே சாலைக்கும் பறவைகளுக்கும் இடையே தூரம் குறைவு. உவர்நீர் இறாலிலிருந்து கிடைக்கும் நிறமிதான் அவற்றின் இறகுக்கு நிறம் தருகிறது என்பதால், பாத்தியின் நிறமும் பறவையின் நிறமும் ஒன்றுக்கொன்று உறவானவை.

தென்கிழக்கில் லாக் விரிகுடா. வெளியே பவளத்திட்டு அலைகளைத் தடுத்துவிடுவதால் உள்ளே இடுப்பளவுத் தண்ணீர், அதன் மேல் நிற்காத காற்று. பாய்ப்பலகை ஓட்டக் கற்றுக்கொள்பவருக்கு இதைவிட நல்ல இடம் அமைவது கடினம். சொரொபோன் கரையில் இரண்டு மணி நேர வகுப்பில் சேர்ந்தேன். விழுந்தேன், எழுந்தேன், மறுபடி விழுந்தேன். எழும்போது கால் தரையில் பட்டது என்பதே பெரிய ஆறுதல். விரிகுடாவின் வடபகுதியில் அலையாத்திக் காடு இருக்கிறது. கயாக்கில் வழிகாட்டியோடு அதனுள் போவதுதான் தீவிலேயே நான் பணம் கொடுத்துப் பெற்ற சேவைகளில் மிகச் சிறந்தது. இரு கரைகளின் வேர்களும் கைகோத்துக் கூரைபோல் மூடிய கால்வாய்களில் துடுப்பை நீருக்குள் விடாமல், வேரைப் பற்றிப் பற்றி நகர வேண்டியிருக்கிறது. அடித்தரையில் தலைகீழ் ஜெல்லிமீன்கள் குடைகளை மண்ணில் பதித்து, கைகளை வெயிலுக்கு விரித்துக் கிடக்கின்றன. பவளத்திட்டில் நான் பார்த்த கிளிமீன்களின் குஞ்சுகளை அந்த வேர்களுக்கிடையே வழிகாட்டி காட்டினார். முக்குளித்தபோது பாதிக் கதையைத்தான் பார்த்திருக்கிறேன் என்று அப்போது புரிந்தது. ஆகவே இந்தப் பயணத்தை முக்குளிப்பின் தொடக்க நாள்களிலேயே செய்துவிடுவது நல்லது. வழிகாட்டியின் ஆங்கிலம் தெளிவாக இருந்தது. தீவு மக்களின் பாப்பியமெந்து மொழியில் ஒவ்வொரு மீனுக்கும் பெயர் சொல்லித் தந்தார்.

ரிங்கோன் தீவின் மிகப் பழைய கிராமம். கடற்கொள்ளையர் கண்ணில் படாதபடி ஸ்பானியர்கள் உட்பள்ளத்தில் அமைத்தது. அதன் தெருக்களில் நடப்பதற்கு ஒரு மணி நேரம் போதும். கடுஷி கள்ளியிலிருந்து மது வடிக்கும் கடுஷி வடிசாலை அங்கே இருக்கிறது. முற்றத்து மரநிழலில் சுவைக்கத் தருகிறார்கள். சுவை எனக்குச் சுமார்தான். நிழலுக்கு முழு மதிப்பெண். அன்று மாலையில் முக்குளிக்கவிருப்பவர் சுவைத்துப் பார்ப்பதையும் தவிர்ப்பதே சரி. கிராமத்துக்குக் கிழக்கே ஓனிமாவில், ஐரோப்பியர் வருமுன் இங்கு வாழ்ந்த காக்கெத்தியோ மக்கள் பாறையில் தீட்டிய செந்நிற ஓவியங்கள் உள்ளன. விளக்கப் பலகை போதாது. பார்த்துவிட்டு ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிடுவீர்கள். அந்த ஐந்து நிமிடத்துக்காகவும் போகலாம்.

கழுதைச் சரணாலயத்தைப் பற்றி முதலில் எனக்கு நல்லெண்ணம் இல்லை. குழந்தைகளுக்கான இடம் என்று நினைத்தேன். ஒரு காலத்தில் பாரம் சுமக்கக் கொண்டுவரப்பட்டு, வண்டிகள் வந்தபின் கைவிடப்பட்டு, சாலைகளில் அடிபட்டுக் கிடந்த கழுதைகளுக்காக 1993இல் தொடங்கப்பட்டது அது. வண்டியோட்டிக்கொண்டே உள்ளே போகலாம். சன்னலை இறக்கினால் ஐந்தாறு தலைகள் உள்ளே வந்துவிடும். என் முகமூடிப் பை ஒரு கழுதையின் வாய்க்குப் போய் மீண்டது. கேரட் வாங்கிச் செல்பவர் வண்டியின் இருக்கைகளைப் பற்றிக் கவலைப்படாதவராக இருக்க வேண்டும்.

வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். முக்குளிப்புக்காக எடுத்த பிக்கப்பே கரைக்கும் போதும், கூடுதல் செலவில்லை. தனியே நிறுத்திய வண்டிகளில் திருட்டு நடப்பது இங்கே எல்லாரும் அறிந்த தொல்லை என்பதால், உள்ளே எதையும் வைக்காமல் கதவைப் பூட்டாமல் விடுவதுதான் வழக்கம். தண்ணீருக்குள் இறங்கும்போது கொண்டுபோக எதுவும் இருக்காது. கரை நாளில் கேமராவும் கடவுச்சீட்டும் தொலைநோக்கியும் இருக்கும். குன்றேறும்போதும் அவற்றைச் சுமந்துதான் ஏற வேண்டியிருந்தது. எனக்கு வண்டி தந்த நிறுவனம், பூங்காச் சாலையில் போனால் சக்கரச் சேதம் காப்பீட்டில் சேராது என்பதை வண்டியைத் திருப்பித் தரும்போதுதான் சொன்னது. சக்கரம் தப்பியதால் பணமும் தப்பியது. நீங்கள் சாவியை வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். பவளத்துக்குத் தீங்கான ஆக்சிபென்சோன் கலந்த சன்ஸ்கிரீன் தீவில் தடைசெய்யப்பட்டிருப்பதால், முழுக்கைச் சட்டையும் அகன்ற தொப்பியும்தான் கரை நாளுக்கு நம்பகமான துணை.

அடுத்த முறை போனால் ஐந்தாம் நாள் தெற்கு வட்டம், அதன் மறுநாள் உப்புத்துறையில் முக்குளிப்பு என்று வரிசையை மாற்றிக்கொள்வேன். கடைசி நாளில், உடைகள் காற்றில் காய்ந்துகொண்டிருக்கும் நேரத்தில், வண்டியைத் திருப்பித் தருவதற்கு முன் கோட்டோமெர் வரை மட்டும் ஒருமுறை போய்வருவேன்.